காளிகாட்டில் என் ஆறாவது விரல்

போன ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் உதவ வந்தபோது வாசலில் நான் செருப்பைக் கழற்றினேன். முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை என் வலது காலைப் பார்த்து, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து எண்ணினாள். ஆறுக்கு வந்ததும் அவள் கண் விரிந்தது. பக்கத்துப் பையன் அவளை முழங்கையால் இடித்தான். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிள்ளைகளே, தலை குனிய வேண்டாம். நீங்கள் பார்த்தது சரிதான். எனக்கு வலது காலில் ஆறு விரல்.

நம் கல்கத்தாவின் காளிகாட் கோயிலைப் பற்றி உங்களுக்கு எழுதித் தரச் சொல்லி வகுப்பு டீச்சர் ஒரு மாதமாகக் கேட்கிறார். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். கோயில் வரலாறெல்லாம் எனக்கு ஒழுங்காகத் தெரியாது. இப்போது நிற்கும் கோயிலை ஒரு ஜமீன் குடும்பம் கட்டி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதற்கு முன்னால் அங்கே சின்னதாக ஒரு கோயில் இருந்தது, பக்கத்தில் ஓடும் கறுத்த வாய்க்கால்தான் ஒரு காலத்தில் கங்கையாக ஓடியது என்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோயிலை நினைத்து ஒரு கோடைகாலம் முழுவதும் நடுங்கினேன். அது நன்றாகத் தெரியும். அதை எழுதுகிறேன். உங்களை அழைத்துப்போக வாசலில் நிற்கும் அப்பா அம்மாக்களும் படிக்கட்டும். அவர்களும் என் வயதுக்காரர்கள்தானே, அந்தக் கோடை எப்படி எரிந்தது என்று அவர்களுக்கும் நினைவிருக்கும்.

எனக்கு அப்போது எட்டு வயது. அக்காவுக்குப் பதினொன்று. அப்பாவுக்கு அலிப்பூரில் ஒரு அரசு ஆபீஸில் குமாஸ்தா வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து, காளிகாட்டில் ஒரு சந்துக்குள், மாடிவீட்டுக்காரர்களின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். சுவரெல்லாம் ஈரம் பூத்திருக்கும். சிவப்பு சிமெண்ட் தரை. டிராம் வண்டி வளைவில் திரும்பும் கிறீச்சென்ற சத்தம் படுக்கைவரை வரும். காற்று எங்கள் பக்கம் அடித்தால் கோயிலின் முரசும் கேட்கும்.

என் ஆறாவது விரல் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், மொச்சைக்கொட்டை அளவில், தனக்கென்று ஒரு நகத்தோடு இருந்தது. நான் நினைத்தால் அது லேசாக அசையும். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. அம்மா எனக்கு எப்போதும் சாக்ஸ் போட்டுவிடுவாள். கல்கத்தா வெயிலில், வேர்க்குரு கொப்பளிக்கும் மே மாதத்திலும், சாம்பல் நிறத்தில் முழங்கால்வரை இழுத்துவிடும் சாக்ஸ். எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குள் சாக்ஸ் போடுவார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூட லீவு தொடங்கிய வாரத்தில், மாடிவீட்டு மாஷிமா எங்களைக் கூப்பிட்டுப் பொரி கொடுத்துவிட்டுக் காளிகாட் கதையைச் சொன்னார். மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி. இதை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, உங்களுக்குத் தமிழைவிட வங்காளிதான் சரளம். இருந்தாலும் இது தமிழ் வகுப்பு. அதனால் அவர் பேசியதையும் நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"சதி தேவி அப்பா வீட்டு யாகத்துக்குப் போனா. அங்கே புருஷனை அவமானப்படுத்திட்டாங்க. தாங்க முடியாம உயிரை விட்டுட்டா. சிவன் அவ உடம்பைத் தோளில தூக்கிப் போட்டுக்கிட்டு ஆட ஆரம்பிச்சார். உலகமே ஆடுது. அவரை நிறுத்தணுமே! விஷ்ணு சக்கரத்தை விட்டார். உடம்பு துண்டு துண்டா அறுந்து தேசம் பூரா விழுந்தது. விழுந்த இடமெல்லாம் கோயிலாச்சு."

"இங்க என்ன விழுந்தது?" என்றாள் அக்கா.

"வலது கால் விரல். நம்ம கோயில் குளத்துக்குள்ள இருந்து ஒரு நாள் சாயங்காலம் ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு பிராமணர் இறங்கிப் பார்த்தார். விரல் மாதிரியே ஒரு கல். அதை இப்பவும் பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்க. வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், ஸ்நான யாத்திரை அன்னைக்கு, வெளியே எடுத்துக் குளிப்பாட்டுவாங்க. கதவைச் சாத்திட்டு, பூசாரிங்க கண்ணைத் துணியால கட்டிக்கிட்டுத்தான் குளிப்பாட்டணும்."

"கண்ணை ஏன் கட்டணும்?" என்றேன் நான்.

"பார்த்தா பார்வை போயிடும், கோக்கா." கோக்கா என்றால் சின்னப் பையன், மாஷிமா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பொரியில் இன்னும் கொஞ்சம் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்துகொண்டே, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லும் குரலில் சொன்னார்.

அக்கா விடவில்லை. அவள் கணக்கில் புலி. "எத்தனை விரல், மாஷிமா?"

"நாலுன்னு என் மாமியார் சொல்வாங்க."

கீழே இறங்கி வரும்போது மாடிப்படியின் திருப்பத்தில் அக்கா நின்றாள். எனக்கு ஐந்தாறு படி கீழே நின்றதால் அவள் முகம் என் சாக்ஸுக்கு நேராக இருந்தது.

"ஏல, ஒரு கால்ல மொத்தம் அஞ்சு விரல்தான?"

"ஆமா."

"நாலு இங்க விழுந்துருக்கு. அப்பம் அஞ்சாவது எங்க போச்சு?"

அவள் என் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் உதடு வெளுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்துத்தான் வலது காலை இடது காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"யார்ட்டயும் சொல்லாத. சத்தமாச் சொன்னா காளிக்குக் கேட்டுரும்" என்றாள்.

அன்றிலிருந்து முரசுச் சத்தம் கேட்டால் காலை மடக்கி உட்கார்ந்துகொள்வேன். காளியுடைய விரல் என்னிடம் இருக்கிறது. அவள் தேடுவாள். எங்கள் வீட்டிலிருந்து கோயில் பத்து நிமிஷ நடை. நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மூன்று பெரிய கண்ணோடு, ஒரு கால் நொண்டிக்கொண்டே அவள் சந்துக்குள் வருவதை நான் எத்தனை தடவை மனதில் பார்த்தேன் என்று சொல்லி முடியாது. இன்னொரு பயமும் இருந்தது. பார்த்தால் கண் போய்விடும் என்றாரே மாஷிமா! நான் எத்தனையோ தடவை அந்த விரலைப் பார்த்திருக்கிறேன். என் கண்ணில் எவ்வளவு மீதி இருக்கிறதோ?

தூங்கும்போதும் சாக்ஸைக் கழற்ற மறுத்தேன். குளிக்கும்போது கழற்றித்தானே ஆக வேண்டும்? அதற்குப் பூசாரிகள் செய்வதையே செய்தேன். அப்பாவின் சிவப்புக் கம்ச்சாத் துண்டால் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு, துழாவித் துழாவித் தண்ணீர் மொண்டு ஊற்றிக் குளித்தேன். நாலு நாள் ஒழுங்காக நடந்தது. ஐந்தாம் நாள் பாசியில் வழுக்கி வாளியின் மேல் விழுந்தேன். சத்தம் கேட்டு அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கண்ணில் துண்டும் நெற்றியில் ரத்தமுமாக நான் அம்மணமாகக் கிடந்தேன்.

"என்னல இது? கண்ணைக் கட்டிக்கிட்டு எதுக்குல குளிச்ச?"

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தமாகச் சொன்னால் காளிக்குக் கேட்டுவிடுமே.

அப்பா சாயங்காலம் வந்து, என் இமையை விரலால் தூக்கிப் பார்த்து, ஆபீஸ் ஃபைலைப் படிப்பதுபோலக் கொஞ்ச நேரம் படித்தார். "வெளிச்சம் கூசுது. வேற ஒண்ணும் இல்ல. ராத்திரி மங்கல் பல்புல படிச்சாம்லா, அதான்" என்று முடிவு கட்டினார். மறுநாள் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கண்ணில் எவ்வளவு மீதி என்று எனக்கே சந்தேகம். பயத்தில் எழுத்தெல்லாம் ஆடியது. தப்புத் தப்பாகப் படித்தேன். பழுப்பு நிற ஃபிரேமில் ஒரு கண்ணாடி வந்து மூக்கில் ஏறியது. பிறகு இரண்டு வருஷம் அதைச் சுமந்தேன், பிள்ளைகளே. என் கண்ணில் ஒரு கோளாறும் இருந்ததில்லை.

அம்மா கண்ணாடியை நம்பவில்லை. "கண்ணுல ஒண்ணும் இல்லங்க. பிள்ள எதையோ பாத்துப் பயந்துருக்கான்" என்று அப்பாவிடம் சொன்னாள். அம்மாவின் கணிப்பு சரிதான். ஆனால் அதற்கு அவள் தேடிய வைத்தியம்தான் என்னைக் கொன்றது. மாடிக்குப் போய் மாஷிமாவிடம் யோசனை கேட்டாள்.

"காளிமா கிட்டக் கூட்டிட்டுப் போவோம். பயமெல்லாம் எடுத்துடுவா. ஸ்நான யாத்திரை வருது பார், அன்னைக்கே போவோம். எனக்குத் தெரிஞ்ச பாண்டா இருக்கார், கோயில் பூசாரி, உள்ளே வேலை செய்யறவர்."

ஸ்நான யாத்திரை. பெட்டியைத் திறக்கும் நாள். நாலு விரலை வெளியே எடுத்துக் குளிப்பாட்டும்போது ஐந்தாவதை நானே கொண்டுபோய் வாசலில் நிறுத்தப் போகிறேன்!

காலண்டரில் அந்த நாளை அம்மா குங்குமத்தால் தொட்டு வைத்தாள். ஒவ்வொரு நாளும் தாள் கிழியக் கிழிய அந்தச் சிவப்பு மேலே வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. "கண்ணாடி புதுசுல்லா, தலை சுத்தும், சரியாப்போகும்" என்றார் அப்பா.

கோயிலுக்கு நாலு நாள் இருக்கும்போது, மத்தியானம், அம்மா படுத்திருந்த நேரம் பார்த்து அக்கா என்னைக் கட்டிலுக்குப் பின்னால் கூப்பிட்டாள். அவள் கையில் தையல் டப்பா.

"நாமளே எடுத்துக் குடுத்துருவோம்ல. திருப்பிக் குடுத்துட்டா கோவப்பட மாட்டா."

"எப்படிக்கா எடுக்க?"

"என் முழங்கை மருவை அம்மா எப்படி எடுத்தா? குதிரை முடியைக் கட்டினா, பத்து நாள்ல தானா விழுந்துச்சு. இது விரல், கொஞ்சம் இறுக்கிக் கட்டணும். நாலு நாள்ல விழுந்துரும். செம்பருத்திப் பூவுக்குள்ள வச்சு உண்டியல் பக்கத்துல போட்டுட்டு வந்துருவோம். யாருக்கும் தெரியாது."

எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. விரல் போனால் நான் பிழைப்பேன். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்காவும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கறுப்பு நூலை ஏழு சுற்று சுற்றி, பல்லைக் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். இந்த இடத்தில் ஒரு அப்பாவாகச் சொல்லிவிடுகிறேன்: உடம்பின் எந்த இடத்திலும் நூல் கட்டாதீர்கள். யார் சொன்னாலும் கட்டாதீர்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பாதமே புரையோடியிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

முதல் நாள் மரத்துப்போனது. இரண்டாம் நாள் விண்விண்ணென்று தெறித்தது. மூன்றாம் நாள் கணுக்கால்வரை சுட்டது. சாக்ஸுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் தைரியம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. "விழுந்துட்டா?" என்று அக்கா காதில் கேட்பாள். நான் இல்லையென்று தலையாட்டுவேன்.

அந்த நாளும் வந்தது. அப்பா ஆபீஸுக்குப் போய்விட்டார். அம்மா, மாஷிமா, அக்கா, நான். இப்போது போல மேலே நடைபாலமெல்லாம் கிடையாது. சங்கு வளையல் கடையும் படக்கடையும் பேடாக் கடையும் இரண்டு பக்கமும் நெருக்க, நடுவில் ஒரே சனம். மழை வராத ஆனி மாதத்துப் புழுக்கம். செம்பருத்தி மாலைக் கடைக்காரரிடம்தான் செருப்பை விட வேண்டும்.

"சாக்ஸையும் கழட்டுல."

"வேண்டாம்மா."

"கோயிலுக்குள்ள சாக்ஸோட போகக் கூடாது."

"எம்மா, வேண்டாம்மா, எம்மா!"

கடைக்காரர் சிரித்தார். "சாக்ஸுக்குள்ள என்ன, தங்கம் வெச்சிருக்கியா பாபா?" என்று கேட்டுக்கொண்டே அவரே குனிந்து இரண்டையும் உருவி ஷூவுக்குள் திணித்துவிட்டார். அம்மா என் காலைப் பார்க்கவில்லை. அவள் என் வலது காலை எப்போதுமே பார்க்க மாட்டாள். சின்ன வயதில் என்னைக் குளிப்பாட்டித் துடைக்கும்போதும் அந்தப் பக்கம் வந்தால் அவள் பார்வை சுவருக்குப் போய்விடும். அப்போது அது எனக்கு வசதியாக இருந்தது.

உள்ளே தரையெல்லாம் ஈரம், மிதிபட்ட பூ, பால் வாடை. எங்கேயோ ஒரு ஆட்டுக்குட்டி கத்தியது. முரசு ஒரு முறை அதிர்ந்தது. பிறகு ஆட்டின் சத்தம் கேட்கவில்லை. நான் அம்மாவின் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சந்நிதிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குளிப்பாட்டுகிறார்கள் என்று மாஷிமா கிசுகிசுத்தார். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நாலு, இந்தப் பக்கம் ஒன்று. என் கால் தானாகவே கதவை நோக்கி இழுபடுவதுபோல இருந்தது. கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது என்று இப்போது தெரிகிறது.

பக்கத்துக் கதவு திறந்து மாஷிமாவின் பாண்டா வெளியே வந்தார். வயதானவர். வேட்டி நனைந்து தொடையில் ஒட்டியிருந்தது. கண்ணைக் கட்டிய துணி அவிழ்ந்து கழுத்தில் தொங்கியது. இறுகக் கட்டியதில் கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. மாஷிமாவைப் பார்த்துச் சிரித்தவர், அப்படியே என்னைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

கண்டுபிடித்துவிட்டார்.

நான் சேலையை விட்டுவிட்டு ஓடினேன். நாலு அடிகூடப் போகவில்லை. யாரோ ஒரு பெரிய ஆளின் குதிகால் நேராக அந்த விரலின் மேல் இறங்கியது. நான் போட்ட சத்தத்தில் முரசுக்காரரே திரும்பிப் பார்த்தார் என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

அம்மா ஓடி வந்து ஈரத் தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் தூக்கிப் போட்டாள். அப்போதுதான் பார்த்தாள். கத்தரிக்காய் நிறத்தில் உப்பிக் கிடந்தது விரல். நூல் சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியவில்லை. நகத்தால் நிமிண்டிப் பார்த்தாள். முடியவில்லை. கத்தி எங்கே, கத்தரி எங்கே? சட்டென்று குனிந்து, அந்த விரலை வாய்க்குள் வைத்து, பல்லால் நூலைத் தேடிக் கடித்தாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அவள் மூச்சு என் பாதத்தில் சுட்டது. நூல் அறுந்து ரத்தம் திரும்ப ஓடியபோது வந்த வலி, கட்டியிருந்தபோது இருந்ததைவிட மோசம்.

"யாருல கட்டினா? யாரு?"

அக்கா ஓவென்று அழுதாள். அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டினாள். பாதி தமிழ், பாதி வங்காளி. நாலு விரல், ஐந்தாவது விரல், மரு, செம்பருத்திப் பூ, உண்டியல். மாஷிமா தலையில் கை வைத்துக்கொண்டார். பாண்டா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எங்கள் பக்கத்தில் குந்தினார்.

"நாலுன்னு யார் சொன்னது?"

"என் மாமியார்..." என்றார் மாஷிமா.

"சிலர் நாலும்பாங்க. சிலர் ஒண்ணும்பாங்க. நான் எத்தனையோ வருஷமா குளிப்பாட்டறேன், எனக்கு முன்னால எங்கப்பா. இந்தா பார்." கழுத்துத் துணியைத் தூக்கிக் காட்டினார். "கண்ணைக் கட்டிக்கிட்டு! எண்ணினவன் யாரு? சொல்லு."

அக்கா அழுகையை நிறுத்தினாள். அவளுக்குக் கணக்கு விடவில்லை. "கையால தொடும்போது தெரியாதா?"

எங்களைச் சுற்றி நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பாண்டா சிரிக்கவில்லை.

"தெரியணும்னா தெரியும். ஆனா அம்மா காலைக் கழுவுற பிள்ளை விரலை எண்ணிக்கிட்டா இருப்பான்?"

பிறகு கையிலிருந்த செம்பிலிருந்து தீர்த்தத்தை எடுத்து என் ஆறாவது விரலின் மேல் மூன்று சொட்டு விட்டார். குளிர்ந்தது. "ஆறு இருக்கட்டும்டா. மழைக்காலம் வருது. கல்கத்தாச் சேறுல மத்தவன் வழுக்குவான், நீ நிப்பே" என்றார். அப்புறம் முழங்காலைப் பிடித்தபடியே எழுந்து கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அம்மா முந்தானையால் என் பாதத்தைத் துடைத்தாள். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. சந்நிதி திறந்து, எல்லோரும் முட்டி மோதி அந்தக் கறுப்பு முகத்தையும் தங்க நாக்கையும் பார்த்துக் கத்தியபோதும், அவள் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஷிமா தோளைத் தொட்டதும்தான் எழுந்தாள். நான் அன்றைக்குக் காளியைச் சரியாகப் பார்க்கவேயில்லை. அம்மாவின் இடுப்பிலிருந்தபடி கண்ணாடியின் ஓரமாக ஒரு கண் மட்டும் தெரிந்தது. அது என்னைத் தேடியது மாதிரி இல்லை.

பூக்கடைக்காரர் ஷூவை எடுத்து நீட்டினார். உள்ளே இருந்த சாக்ஸை அம்மா வெளியே எடுத்துத் திண்டின் மேல் வைத்தாள்.

"தீதி, சாக்ஸை விட்டுட்டுப் போறீங்களே!"

"வேண்டாம்" என்றாள் அம்மா. அவளுக்குத் தெரிந்த வங்காளியில், இரண்டு தடவை.

நேரே டாக்டரிடம் போனோம். விரல் பிழைத்தது. அந்த நகம் மட்டும் இன்றுவரை கறுப்பு.

பிறகு எத்தனையோ வருஷம் கழித்து, அம்மா போன பிறகு, அப்பா ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். நான் பிறந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்க்க வந்த ஒரு உறவுக்காரர் போர்வையை விலக்கி, விரலை எண்ணி, "இதென்ன?" என்று உதட்டைச் சுழித்தாராம். அவர் படியிறங்கும் முன்பே அம்மா அப்பாவைக் கடைக்கு அனுப்பிக் குழந்தை சாக்ஸ் வாங்கிவரச் சொன்னாளாம். பாவம் அக்கா, படிக்கட்டில் கேட்ட ஒரு கேள்விக்காக வாழ்நாள் முழுக்க என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். என்னைப் பயமுறுத்தியது அவள் மட்டும் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

முன்வரிசைப் பிள்ளையே, அடுத்த ஞாயிறும் நான் செருப்பைக் கழற்றித்தான் உள்ளே வருவேன். சாக்ஸ் போட மாட்டேன். எண்ண வேண்டும் என்றால் வாய்விட்டே எண்ணு. எண்ணி முடித்துவிட்டுப் பாடத்தைத் திற.